பொன்னாடை போதும், புத்தகத்தைப் படியுங்கள்!

விழா எடுப்பதில் தமிழ் மக்கள் எவருக்கும் இளைத்தவரல்லர். கோயிலுக்கு விழா, பள்ளிக்கூடத்துக்கு விழா, சங்கத்துக்கு விழா. இவற்றின் வரிசையிலே பதிப்பகத்துக்கும் விழா. சிறு பதிப்பகமொன்று ஆண்டு நிறைவைக் கொண்டாடினாலும், புதிய நூலொன்றை வெளியிட்டாலும், கொழும்பிலே அந்த விழா பெரும்பாலும் வெள்ளவத்தையில்தான் நடைபெறுகிறது. ஹெவ்லொக் டவுனிலிருந்தும் பாமன்கடையிலிருந்தும் மாலை வேளையில் நம்மவர் காலி வீதிப் பக்கம் நடந்து வருவர். 57ஆம் ஒழுங்கையிலே, 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்திலே விளக்கேற்றப்படும். தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கும். தலைவர் பேசுவார், வாழ்த்துரையாளர் ஐவர் பேசுவர், நயவுரையாளர் இருவர் பேசுவர். முதற் பிரதியைச் செல்வந்தர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பொன்னாடைகள் போர்த்தப்படும். ஏற்புரைக்கு நேரம் போதாது. நன்றியுரையுடன் கூட்டம் இனிது நிறைவெய்தும்.

இத்தனையும் நடந்தேறிய மண்டபத்தில் நடவாத செயல் ஒன்று உண்டு. எந்த நூலின் பொருட்டு எல்லோரும் கூடினரோ, அந்த நூலிலிருந்து ஒரு பக்கமேனும் வாய்விட்டுப் படிக்கப்படவில்லை!

பதிப்பகம் விழாக் கொண்டாடுவதை நாம் குறைகூறவில்லை. இந்த நாட்டிலே தமிழில் நூல் அச்சிட்டு ஓராண்டு தாக்குப்பிடிப்பதே கொண்டாடத்தக்க செயல்தான். ஆயின், அக்கொண்டாட்டம் எவ்வாறு அமையவேண்டும் என்பதே எமது வினா. புகழுரை கேட்டுக் கலைவதா? நூலைப் படிக்கக் கேட்டு, பிடித்ததை விலைகொடுத்து வாங்கி, அடுத்த நூலுக்கும் முற்பணம் கட்டிவிட்டுக் கலைவதா? முன்னையது சடங்கு, பின்னையதே ஆதரவு. சடங்கிலே வாழ்ந்த பதிப்பகம் எதுவும் இல்லை.

கொழும்பு 13இன் கதை

சிறு பதிப்பகம் என்றால் யாது? ஒரு மனிதன், ஒரு மேசை, கடன் சொல்லக்கூடிய ஓர் அச்சகம், கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த ஒரு பை. இவ்வளவே அதன் மூலதனம். இந்த மூலதனத்தைக் கொண்டு நம்மவர் சாதித்தவற்றை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது.

கொட்டாஞ்சேனையை அடுத்த ஆதிருப்பள்ளித் தெருவிலே 1960களில் எம். ஏ. ரஹ்மான் ‘அரசு வெளியீடு’ என்னும் பெயரில் நூல்களைக் கொண்டுவந்தார். ‘இளம்பிறை’ என்ற சஞ்சிகையையும் நடத்தினார். அளவெட்டியிலே பிறந்த மஹாகவியின் ‘குறும்பா’ 1966இல் அங்கிருந்துதான் வெளியாயிற்று. ஆங்கிலத்திலே வேடிக்கைக்குப் பயன்படும் ஐந்தடிப் பாவடிவத்தைத் தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்து, நம் ஊர்ப் பொய்ம்மைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சாடிய நூல் அது. அதே ஆண்டிலே எஸ். பொன்னுத்துரையின் ‘வீ’ சிறுகதைத் தொகுதியையும் அவர் வெளியிட்டார். முஸ்லிம் பெருமகன் ஒருவர், யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுதியவற்றைக் கொழும்பிலே தம் பணத்தைப் போட்டு அச்சிட்டார் என்றால், தமிழ் பேசும் மக்களின் ஒற்றுமைக்கு மேடைப் பேச்சு நூறு அதற்கு ஈடாகுமா?

அதே கொழும்பு 13இலே, ஸ்ரீ கதிரேசன் வீதியிலேதான் பின்னாளில் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ குடியேறிற்று. 1966 ஆகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய சஞ்சிகை அது. கஸ்தூரியார் வீதியிலிருந்த முடிதிருத்தும் நிலையமே ஜீவாவின் தொழிற்கூடமும் கல்விக்கூடமும் ஆசிரியர் காரியாலயமுமாய் விளங்கிற்று. சாதியின் பெயரால் பள்ளிக்கூட வாழ்வு முறிக்கப்பட்ட ஒருவர், 1960இல் வந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்காக இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றார். பரிசு பெற்றதோடு அவர் அமைந்துவிடவில்லை. மற்றவர் எழுத இடம் அமைத்துக் கொடுத்தார். இதழைத் தோளிலே சுமந்து, கடை கடையாய், வாசல் வாசலாய் நின்று, கையிலே காசு வாங்கிக்கொண்டு விற்றார். போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பிலிருந்து இதழைத் தொடர்ந்தார். ‘மல்லிகைப் பந்தல்’ என்னும் பெயரால் நூல்களும் வெளியிட்டார். 2012இல் நின்றபோது 400 இதழ்களைக் கடந்திருந்தது மல்லிகை. 2021 யனவரியில் ஜீவா மறைந்தார். அரசாங்க மானியத்தின் துணையின்றி, செல்வந்தர் அறக்கட்டளையின் தயவின்றி, 46 ஆண்டுகள் ஓர் இலக்கிய ஏட்டை நடத்திய இரகசியம் யாது? வாங்குபவனிடம் நேரே போய் விற்றார் என்பதைவிட வேறு இரகசியம் இல்லை.

வெள்ளவத்தைக்கும் இத்தகைய பெருமை உண்டு. உரும்பிராயிலே பிறந்த செ. கணேசலிங்கன் 1971இல் ‘குமரன்’ சஞ்சிகையைத் தொடங்கினார். அப்பெயரிலேயே வளர்ந்த புத்தக இல்லம் 36ஆம் ஒழுங்கையிலிருந்து ஆய்வு நூல்களையும் நாவல்களையும் வெளியிட்டது. நாவல் எழுதியவரே நூல் விற்பதையும் இழிவெனக் கருதாமல் செய்தார். 2021 டிசம்பரில் அவரும் மறைந்தார். ஒரே ஆண்டிலே இரு தூண்கள் சாய்ந்தன. அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவர் சிலர் முன்வந்திருக்கின்றனர். அவர்களை வாழவைப்போமா, வாழ்த்தி மட்டும் அனுப்புவோமா?

உரிமையும் காகிதமும்

‘சோற்றுக்கும் நிலத்துக்கும் போராடும் காலத்திலே புத்தகப் பேச்சு எதற்கு?’ என்று அரசியல் நண்பர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் சட்டத்தையே எடுத்துக் காட்டுவோம்.

1956இலே 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. 1958இலே தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஏட்டிலே வந்தது, நாட்டிலே வரவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையிலே பேச்சு, கருத்து வெளியீடு ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் உரியதாக்கிற்று. அதில் நூல் வெளியீடும் அடங்கும். தனித்தோ பிறரோடு கூடியோ தன் பண்பாட்டை வளர்க்கவும் தன் மொழியைப் பயன்படுத்தவும் உள்ள சுதந்திரத்தையும் அதே உறுப்புரை தனியாக எடுத்துரைக்கிறது. 1987இலே 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. இவ்வளவும் கடிதத்திலே எழுதப்பட்டுள்ள உரிமைகள். இவற்றைப் பெறுவதற்கு எத்தனை சத்தியாக்கிரகம், எத்தனை சிறை, எத்தனை கண்ணீர்!

உரிமை என்பது பூட்டியிருந்த கதவைத் திறந்துவிடும். உள்ளே சென்று விளக்கேற்றுவது உரிமையாளனின் கடமை. தமிழிலே விண்ணப்பப் படிவம் கிடைக்கவேண்டும் என்று வழக்காடுகிறோம், வழக்காடவே வேண்டும். ஆனால் படிவத்திலே மட்டும் வாழும் மொழி படிவத்தோடே முடிந்துவிடும். அம்மொழியிலே புதிய கதை எழுதப்படவேண்டும், நம் குளங்களின் வரலாறு எழுதப்படவேண்டும், பயிர்நோய் பற்றியும் காணிச்சட்டம் பற்றியும் எளிய நூல்கள் எழுதப்படவேண்டும். எழுதியதைச் செப்பம் செய்து, பிழைதிருத்தி, அச்சிட்டு, கட்டி, கைக்குக் கை சேர்ப்பவன் ஒருவன் வேண்டும். அவன்தான் சிறு பதிப்பாளன். பெரிய நிறுவனம் இலாபம் தரும் நூலையே தேடும்; அரசாங்கம் பாடநூலோடு அமைந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் பெருநிலம் அவனுக்கே உரியது.

எதிரிக்கு இந்த உண்மை நம்மைவிட நன்றாய்த் தெரிந்திருந்தது. 1981 யூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பராயின. அதே நாள்களில் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டது. நூல் சேர்த்து வைக்கும் இடம், செய்தி அச்சிடும் இடம், புத்தகம் விற்கும் இடம் என்னும் மூன்றையும் தேடித் தேடிக் கொளுத்தினர். 1983 யூலையிலே வெள்ளவத்தையின் கடைகளையும் வீடுகளையும் அத்தீ வந்தடைந்தது. தீ வைத்தவன் அறிந்த பெறுமதியை, தீயிலிருந்து தப்பியவன் மறந்துவிடலாமா?

வாசகன் இல்லையா?

‘நம்மவர் வாங்குவதில்லை, ஆகையால் பதிப்பகம் வாழாது’ என்பது வழக்கமாய்க் கேட்கும் புலம்பல். இதனை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். வரலாறு வேறு கதை சொல்கிறது.

1970களின் முற்பகுதியிலே, அன்றைய அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. உடனே என்ன நடந்தது? ‘வீரகேசரி’ நிறுவனம் ஈழத்து எழுத்தாளரின் நாவல்களை மலிவு விலையிலே ஒன்றன்பின் ஒன்றாய் வெளியிட்டது. மக்கள் வாங்கினர், படித்தனர். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ அவ்வரிசையிலே வந்து, 1978இல் திரைப்படமுமாயிற்று. ஆகவே வாசகன் இருந்தான். 1977இன் பின் சந்தை திறக்கப்பட்டது. தென்னிந்திய ஏடுகள் வெள்ளமாய் வந்தன. நம் பதிப்பு முயற்சி சோர்ந்தது. தமிழகத்து நூலை வெறுக்கும் பேதைமை எமக்கில்லை. அது நம் மொழியின் செல்வம்; அதனைப் படியாத தமிழன் தன்னையே வஞ்சிக்கிறான். நாம் சொல்வது இதுவே: தடைச் சட்டத்தின் நிழலிலே வளர்ந்த பயிர் தடை நீங்கியதும் வாடிற்று. அதற்கு வேலி போட அரசாங்கம் வராது. வேலி நாமே போடவேண்டும். அந்த வேலியும் பிறரைத் தடுக்கும் முள்வேலியாய் இராமல், நம்மவர் கைகோத்து நிற்கும் வேலியாய் இருத்தல் வேண்டும்.

இன்றைய நிலைமை அதனினும் கடினமானது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியிலே காகிதம் கிட்டாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. பத்திரிகைகள் பக்கம் குறைத்தன. 2024 யனவரியிலே பெறுமதி சேர் வரி 18 சதவீதமாய் உயர்த்தப்பட்டபோது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த நூல்களும் அவ்வரிக்குள் இழுக்கப்பட்டன. இவற்றுக்கு நடுவே ஒரு சிறு பதிப்பாளன் முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதி அச்சிடுகிறான். அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்கிறான். கடைக்கு விற்பனைக் கழிவு கொடுக்கிறான். மிகுதிப் பணம் எப்போது வருமென்பது கடைக்காரருக்கே வெளிச்சம்.

கமக்காரருக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. விதையும் உரமும் மண்ணெண்ணெயும் கைக்காசு. விளைந்த வெங்காயத்துக்கோ சந்தையிலே பத்துக்கு ஒன்று கழிவு, விலையோ தரகர் சொல்லும் விலை. பதிப்பாளனும் அதே வயிற்றெரிச்சலோடுதான் வீடு திரும்புகிறான். இருவருக்கும் நோய் ஒன்று: விளைவிப்பவனுக்கும் நுகர்பவனுக்கும் இடையே நேர்வழி இல்லாமை.

இந்நிலையிலே வெளியீட்டு விழாவில் செல்வந்தர் நீட்டும் கடித உறை ஒரு பெரும் ஆறுதல் என்பதை நாம் மறுக்கவில்லை. கொடுப்பவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். ஆயினும், பத்துப் பேர் தரும் உறையை நம்பி நடக்கும் பதிப்பகம் அப்பத்துப் பேரின் முகம் பார்த்தே நடக்கவேண்டும். யாரைத் தலைவராக்குவது, யாருக்குப் பொன்னாடை, யாருடைய மனம் கோணாதிருக்க எந்த அதிகாரத்தை வெட்டுவது என்னும் கணக்குகள் தாமே வந்துவிடும். முந்நூறு பேர் சிறு தொகை கட்டினால் பதிப்பாளன் எவருக்கும் அடிமையல்லன்.

அரங்கேற்றம் என்னும் பழைய வழக்கம்

நூலைப் படித்துக் கொண்டாடுவது மேனாட்டு நாகரிகம் என்று சிலர் எண்ணுகின்றனர். காலியிலே 2007 முதல் நடந்த ஆங்கில இலக்கிய விழாவையும், 1992இல் மைக்கேல் ஒண்டாச்சி நிறுவிய கிரேஷன் பரிசுக்கான கூட்டங்களிலே எழுத்தாளர் தம் படைப்பைத் தாமே படிப்பதையும் கண்டு அவ்வாறு எண்ணுகின்றனர் போலும். நம் வழக்கம் அவற்றினும் மிகப் பழையது. ‘அரங்கேற்றம்’ என்பது யாது? இயற்றியவன் சபை நடுவே தன் நூலைப் படித்து, கேட்டோர் தடைகளுக்கு விடை சொல்லி, அதன்பின்னரே நூல் உலகுக்கு உரியதாகும். காஞ்சியிலே குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறிய வரலாற்றை நம் முதியோர் இன்றும் சொல்வர்.

அதே கந்தபுராணத்தை யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே மழைக்காலத்தும் வெயிற்காலத்தும் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாய் வந்ததன்றோ? ஒருவர் இராகத்தோடு பாட்டை வாசிப்பார். மற்றொருவர் பொருள் விரிப்பார். எழுத்தறியாத கமக்காரனும் திண்ணையிலே சாய்ந்திருந்து கேட்டு, சொல்லுக்குச் சொல் நயம் அறிந்தான். பொருள் பிசகினால் எழுந்து தடையும் சொன்னான். புராணபடனம் நம் ஊர்களின் பல்கலைக்கழகமாய் இருந்தது. அந்த மரபிலே வந்த நாம், புதிய நூலொன்றின் முன்னே கூடி, நூலைத் திறவாமலே புகழ்ந்துவிட்டு எழுந்து போவது எத்துணை வெட்கக்கேடு!

படித்துக் காட்டுவதால் வேறொரு நன்மையும் உண்டு. புகழுரை எல்லா நூலுக்கும் ஒன்றே. பெயரை மாற்றினால் போதும். படிப்பு அப்படியன்று. நல்ல நூல் தன் குரலாலே தன்னை நிறுவிக்கொள்ளும், பதர் பறந்துபோகும். சாட்சியை மன்றிலே நிறுத்திக் கேட்பதற்கும், சாட்சியைப் பற்றி அவர் நண்பர் ஐவர் நற்சான்று கூறுவதற்கும் உள்ள வேறுபாடே இது. எந்த நீதவான் பின்னதை ஏற்பார்?

படிப்பு ஒன்று பதிப்பாகி, பதிப்பு ஒன்று நீதிமன்றம் ஏறிய வரலாறு அமெரிக்காவிலே உண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரிலே லோறன்ஸ் பேர்லிங்கெற்றி என்பவர் ‘சிற்றி லைற்ஸ்’ என்னும் சிறு புத்தகக் கடையை 1953இல் தொடங்கி, சிறு நூல்களும் பதிப்பித்து வந்தார். 1955 அக்டோபர் 7ஆம் நாள் இரவு, அந்நகரின் சிறு கலைக்கூடமொன்றிலே அலன் கின்ஸ்பேர்க் என்ற இளைஞர் தம் புதிய கவிதையைப் படித்தார். பேர்லிங்கெற்றி அக்கவிதையைக் கேட்டு வாங்கி, 1956இல் 75 சதத்துக்கு விற்கும் சிறு நூலாய் வெளியிட்டார். 1957இல் பொலிசார் அதனை ஆபாசம் என்று வழக்கிட்டனர். சமூகப் பெறுமதி உடைய நூலை ஆபாசமெனத் தள்ளலாகாது என்று நீதிபதி கிளேற்றன் ஹோர்ண் தீர்ப்பளித்துப் பதிப்பாளரை விடுவித்தார். கருத்துச் சுதந்திரத்தின் எல்லையை அந்நாட்டிலே விரித்த அத்தீர்ப்புக்கு வித்திட்டது, ஒரு சிறு கூடத்திலே ஒருவர் எழுந்து படித்த படிப்பு. பெரிய பதிப்பகம் துணியாததைச் சிறிய பதிப்பகம் துணிந்தது.

கச்சேரி உத்தியோகத்தர் காட்டிய வழி

பணத்துக்கு வழி என்ன? அதனையும் நம் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய ஒருவரிடமே கற்கலாம். லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியிலே சிவில் சேவை இளம் உத்தியோகத்தராய் வேலை தொடங்கினார். 1911இல் இலங்கையை விட்டுச் சென்றார். 1917இல் அவரும், நாவலாசிரியரான அவர் மனைவி வேர்ஜீனியாவும், லண்டனை அடுத்த தம் வீட்டின் உணவு மேசையிலே சிறு கையச்சு இயந்திரமொன்றை வைத்து ‘ஹோகார்த்’ பதிப்பகத்தைத் தொடங்கினர். இருவரும் ஆளுக்கொரு கதை எழுதிய முதல் நூல் 150 பிரதிகள் மட்டுமே. இன்று நம் பதிப்பாளர் அச்சிடும் தொகையிலும் குறைவு! நூலை அச்சிடுமுன்னரே அறிந்தவர் தெரிந்தவர்க்கெல்லாம் கடிதம் எழுதி விலையைத் திரட்டினர். பின்னர் சந்தாதாரரை இரு வகுப்பாக்கினர். முதல் வகுப்பினர் முற்பணம் கட்டி, வெளிவரும் நூல் அனைத்தையும் பெற்றனர். இரண்டாம் வகுப்பினர் அறிவித்தல் பெற்று, விரும்பியதை வாங்கினர். அந்த அத்திவாரத்தின் மேல் நின்றுதான், ரி. எஸ். எலியட்டின் புகழ்பெற்ற நெடுங்கவிதையை 1923இல் தம் கையாலேயே அச்செழுத்துக் கோத்து வெளியிட்டனர்.

இவ்வழி நமக்குப் புதியதுமன்று. ஆறுமுகநாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவியது ஊராரின் துணைகொண்டுதான். சட்டம் பயின்றோர் பெருமையோடு நினைக்கவேண்டிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, வழக்கறிஞராயும் பின்னர் புதுக்கோட்டையிலே நீதிபதியாயும் விளங்கியவர். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அவர் அச்சேற்றியிராவிடின் செல்லுக்கு இரையான ஏடுகள் எத்தனையோ! மூளாயிலே 1936இல் கூட்டுறவு மருத்துவமனை கண்ட மக்கள் நாம். உடலுக்கு நோய் வந்தால் கூடிப் பணம் போட்டு மருத்துவமனை கட்டத் தெரிந்த சமூகத்துக்கு, கூடிப் பணம் போட்டு நூல் பதிப்பிப்பது அரிய செயலா?

மூன்று கோரிக்கைகள்

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பதிப்பக விழாக்களிலே படிப்பே முதலிடம் பெறவேண்டும். மூன்று மணி நேரக் கூட்டமாயின் ஒன்றரை மணி நேரம் படிப்புக்கு. எழுத்தாளர் தாமே படிக்கட்டும். குரல் வளம் இல்லாதவர்க்காக நாடகம் பழகியவரோ ஆசிரியரோ படிக்கட்டும். ஒருவர் பொருள் விரிக்கட்டும். சபையோர் தடை எழுப்பட்டும். தலைமையுரை பத்து நிமிடம், வாழ்த்துரை ஒன்று, பொன்னாடை அறவே இல்லை. அப்பணத்துக்கு நூல் வாங்கி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். இத்தகைய படிப்புக் கூட்டம் வெள்ளவத்தையோடு நின்றுவிடலாகாது. அச்சுவேலிக்கும் கிளிநொச்சிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் ஹற்றனுக்கும் செல்லவேண்டும். அறுவடை முடிந்த மாதத்திலே கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் கமக்காரர் வாரார் என்று எவர் சொன்னார்?

இரண்டாவது, ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் முந்நூறு சந்தாதாரர். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 5,000 ரூபா என்று வைத்தால் 15 இலட்சம் ரூபா. அதற்கு ஆண்டுக்கு நான்கு நூல் தரப் பதிப்பகம் உறுதிமொழி எழுதிக் கொடுக்கட்டும். வரவு செலவைச் சந்தாதாரர் முன்னே வைக்கட்டும். மாதக் கணக்கிலே பார்த்தால் இது 417 ரூபா. கொழும்பிலே வாழும் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், அப்புக்காத்துமார் ஆகியோர்க்கு இது ஒரு பொருட்டன்று. கமக்காரர் ஐவர் கூடி ஒரு சந்தா கட்டலாம். நூலைச் சுற்றுக்கு விட்டுப் படிக்கலாம்.

மூன்றாவது, பொது நூலகங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைகள் நூலகங்களை நடத்துகின்றன. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல சபைகளின் நிருவாகத்தைத் தமிழ்ப் பிரதிநிதிகள் ஏற்றனர். மத்திய அரசாங்கம் தரவில்லை என்று கூற இங்கே இடமில்லை. இது நம் கைக்கு எட்டிய அதிகாரம். ஒவ்வொரு சபையும் தன் வரவு செலவுத் திட்டத்திலே, இந்நாட்டுச் சிறு பதிப்பகங்களிலிருந்து நேரே நூல் வாங்குவதற்கெனத் தனித் தொகை ஒதுக்கட்டும். தெரிவை உறுப்பினரின் விருப்புக்கு விடாமல், நூலகரும் ஆசிரியரும் வாசகரும் அடங்கிய குழுவிடம் விடட்டும். விலையை மூன்று மாதத்துக்குள் கொடுத்துத் தீர்க்கட்டும். மொழியுரிமை பேசி வாக்குக் கேட்டவர்களுக்கு இதைவிட எளிய சோதனை வேறில்லை.

‘எல்லாம் இணையத்திலே கிடைக்கிறதே’ என்பாருக்கு ஒரு சொல். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ முயற்சி, அழிவின் விளிம்பிலிருந்த நம் ஏடுகளையும் நூல்களையும் மின்வடிவிலே காத்துத் தந்த அரும்பணியாகும். 1981இன் சாம்பருக்குத் தமிழர் கொடுத்த சிறந்த விடைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் களஞ்சியம் நெல்லைக் காக்கும், நெல்லை விளைவிக்காது. எழுத்தைத் தேர்ந்து, செப்பம் செய்து, தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்று வெளியிடுபவன் இன்றேல், நாளைய களஞ்சியத்திலே சேர்த்து வைக்க என்ன இருக்கும்?

வெள்ளவத்தையிலிருந்து ஹெவ்லொக் வீதிக்குச் செல்லும் பெருந்தெருவுக்குச் சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அத்தெருவிலே நாள்தோறும் நடக்கிறோம். எழுத்தாளனை அவன் மக்கள் மதித்த அடையாளத்தை நாள்தோறும் காண்கிறோம். தம் மக்கள் வாங்கிப் படித்ததனாலேதான் அவர் நாவல்கள் நிலைத்தன. தெருப்பெயர் அதன் பின்னர் வந்தது. நம் எழுத்தாளருக்குத் தெரு வேண்டுமா, சிலை வேண்டுமா என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்வோம். அடுத்த முறை சிறு பதிப்பகமொன்றின் விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால், மாலை வாங்கிச் செல்லாதீர்கள். பையிலே நூலின் விலையோடு செல்லுங்கள். மேடையிலே பேச்சு நீண்டால், சபையிலிருந்து ஒருவர் எழுந்து மரியாதையோடு சொல்லட்டும்: ‘ஐயா, நூலைப் படியுங்கள், கேட்க வந்திருக்கிறோம்.’